படகின் அடிவயிற்றில் தண்ணீர்



மழைக்காலத்தில் லயத்துத் தகரக் கூரை ஒழுகுவது நமக்குப் புதிதல்ல. இரவில் கட்டிலின் மேல் சொட்டு விழுகிறது. விடிந்ததும் ஏணி வைத்து ஏறி, சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே தகரத்தில் தார் பூசுகிறோம். அடுத்த மழையில் அதே இடத்தில் மறுபடியும் சொட்டுகிறது. ஓட்டை அங்கே இருந்தால்தானே தார் அடைக்கும்! நாலடி தள்ளி ஓர் ஆணித்தலையின் ஓரமாக நுழைந்த தண்ணீர், தகரத்தின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டே ஓடி, சட்டத்தைத் தொட்டு, அதன் சரிவில் இறங்கி, நம் தலைமாட்டில் வந்து விழுகிறது.

இன்று நான் பேச வந்தது பாய்மரப் படகைப் பற்றி. தோட்டத்துக்கும் பாய்மரப் படகுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். நான் படகுப் பட்டறையில் பிழைத்தவன். நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் லுமுட்டிலும் கிள்ளான் துறைமுகத்திலும் லங்காவியிலும் கப்பல், படகு வேலைகளுக்குப் போயிருக்கிறார்கள். ஆகவே இது நம் வீட்டுப் பேச்சுத்தான்.

படகின் உள்ளே, நடக்கும் பலகைக்குக் கீழே, ஏராவை ஒட்டி ஒரு பள்ளம் இருக்கும். ஆங்கிலத்தில் பில்ஜ் என்பார்கள். பட்டறையில் நாங்களும் அப்படியே சொல்லுவோம். படகுக்குள் எங்கே தண்ணீர் புகுந்தாலும் கடைசியில் வந்து சேருகிற இடம் இதுதான். நம் லயத்து வாய்க்கால் எல்லா வீட்டுத் தண்ணீரையும் வாங்கிக்கொள்கிறதே, அதுபோல. வாய்க்காலைப் பார்த்து எந்த வீட்டுத் தண்ணீர் என்று சொல்ல முடியுமா? சொல்லலாம், கொஞ்சம் பொறுமை இருந்தால்.

1986ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்லுகிறேன். கண்ணாடியிழையால் செய்த படகு, ஒன்பது மீட்டர் நீளம். அதன் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கியிருந்தார். படகு துறையில் கட்டியே கிடந்தது. ஆனாலும் ஒரு நாளைக்கு இரண்டு வாளித் தண்ணீர் பில்ஜில் சேர்ந்துகொண்டிருந்தது. அவர் விரலை வைத்து நாக்கில் தடவிப் பார்த்தார். உப்புக் கரித்தது. கடல் தண்ணீர் என்று முடிவு கட்டினார். புரொப்பெல்லர் தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில்தான் எல்லாரும் முதலில் சந்தேகப்படுவார்கள். அவரும் சந்தேகப்பட்டு, படகைக் கரையேற்றி, அந்த இடத்தில் பாக்கிங் கயிறு மாற்றினார். சில நூறு வெள்ளி செலவு. இறக்கிவிட்ட மறுநாளே மீண்டும் இரண்டு வாளி. பிறகு யாரோ, “ஏராவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் போய்விட்டன, ஏராவையே கழற்ற வேண்டும்” என்றார்கள். அதற்குப் பல ஆயிரம் வேண்டும். படகை வந்த விலைக்கு விற்றுவிடலாம் என்ற நிலையில்தான் எங்கள் பட்டறைக்கு ஆள் அனுப்பினார்.

எங்கள் பட்டறையில் மூத்தவர் ஒருவர் இருந்தார். திரங்கானுக்காரர், மரப்படகு கட்டும் குடும்பத்தில் வந்தவர். பாக் சிக் என்றே கூப்பிடுவோம். அவர் பில்ஜைத் திறந்து பார்த்தார். தண்ணீரை நாக்கில் வைக்கவில்லை. “இந்தத் தண்ணீர் பொய் சொல்லும், தம்பி” என்றார் மலாயில்.

ஏன் பொய்? பல வருஷமாகக் கடல் நீர் சொட்டுச் சொட்டாக ஊறிய பள்ளம் அது. மூலை முடுக்கெல்லாம் உப்புப் படிந்திருக்கும். அதில் நல்ல தண்ணீர் விழுந்தாலும் கரிக்கத்தான் செய்யும். ஆகவே முதலில் பில்ஜை முழுக்க இறைத்தோம். குழாய்த் தண்ணீரால் இரண்டு தடவை கழுவி இறைத்தோம். பஞ்சால் ஒற்றி, பழந்துணியால் துடைத்து, பலகையைத் திறந்து வைத்துக் காயவிட்டோம். இந்த வேலைக்கு அரை நாள் போயிற்று. ஆசிரியர், “ஓட்டையைத் தேடச் சொன்னால் வீடு கழுவுகிறார்களே” என்று முணுமுணுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கொடுத்த கூலி அது.

காய்ந்த பிறகு, பில்ஜின் குறுக்குச் சட்டங்களில் தண்ணீர் ஓடுவதற்காக விட்டிருக்கும் சிறு துளைகளை ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் பட்டியால் அடைத்தோம். ஒரே வாய்க்கால் மூன்று தொட்டியாகிவிட்டது. முன்பக்கம் ஒன்று, நடு ஒன்று, இயந்திரத்துக்கு அடியில் ஒன்று. ஒவ்வொன்றிலும் பழைய செய்தித்தாளை விரித்தோம். பாய்மரத்தின் அடியிலும் ஒரு தாள். பாய்மரம் உள்ளே பொள்ளலான அலுமினியக் குழாய். அது மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு ஏரா வரை இறங்கும் படகுகளில், மழைத் தண்ணீர் அதன் உள்வழியாகவே இறங்கிவிடும். மேல்தளம் பூராவும் அடைத்தாலும் அது நிற்காது.

மறுநாள் காலை போய்ப் பார்த்தோம். இயந்திரத்தின் கீழே தாள் காய்ந்திருந்தது. புரொப்பெல்லர் தண்டு குற்றவாளி அல்ல. முன்பக்கமும் பாய்மரத்தடியும் காய்ந்திருந்தன. அன்று இரவு மழையும் இல்லை. நடுத் தொட்டியில் மட்டும் தண்ணீர். அதில் எண்ணெயோ பச்சை நிறமோ இல்லை என்று பார்த்த பிறகுதான் பாக் சிக் விரலைத் தொட்டார். இயந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீரில் சேர்க்கும் மருந்து நஞ்சு. பச்சையாகவோ வழவழப்பாகவோ இருந்தால் நாக்கில் வைக்கவே கூடாது. தொட்டுப் பார்த்தார், துப்பினார், சிரித்தார். நல்ல தண்ணீர்!

நாக்கை நம்பாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஒரு கட்டிச் சவுக்காரத்தைத் தேய்த்துப் பாருங்கள். நல்ல தண்ணீரில் நுரை பொங்கும். கடல் தண்ணீரில் நுரை வராமல் திரிதிரியாகப் போகும். கடலில் குளித்துச் சவுக்காரம் போட்டவர்களுக்கு இது தெரியும்.

நல்ல தண்ணீர் என்று தெரிந்தவுடனே ஏரா போல்ட்டு விடுதலையாகிவிட்டது. அந்த வழியாக வந்திருந்தால் உப்பாக இருந்திருக்கும். ஆயிரக்கணக்கான வெள்ளி ஒரு சொட்டில் மிச்சம். மழையும் இல்லை என்றால், இனி படகின் சொந்தத் தண்ணீர்த் தொட்டியும் அதன் குழாய்களும்தான். அன்றிரவு நான் படகிலேயே படுத்தேன். நள்ளிரவில் எங்கும் அமைதி. திடீரென்று ‘டுர்ர்’ என்று இரண்டு விநாடி ஒரு சத்தம். பிறகு அமைதி. ஏறக்குறைய இருபது நிமிடம் கழித்து மறுபடியும் ‘டுர்ர்’. யாரும் குழாயைத் திறக்கவில்லை, ஆனால் குழாய்க்குத் தண்ணீர் தள்ளும் மின்பம்பு தானாக ஓடி ஓடி நிற்கிறது. எங்கேயோ கசிந்து அழுத்தம் குறைகிறது, பம்பு அதைச் சரிக்கட்டுகிறது. ஒரு தடவைக்குக் கால் லிட்டருக்கு மேல் என்று வைத்தாலும், ஒரு நாளைக்கு எழுபது தடவை. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு வாளி சரியாக வரும்.

ஞாயிறுதோறும் ஆசிரியர் தொட்டியை நிரப்பிவிடுவார், ஆகவே குறைவது தெரியவில்லை. பில்ஜ் பம்பு தானாக ஓட வேண்டுமே என்று மின்சாரத்தை அணைக்காமல் போவார், ஆகவே இந்தப் பம்பும் வாரம் முழுக்க உயிரோடு இருந்தது. கைவிளக்கை வைத்துக்கொண்டு குழாயைத் தடவிக்கொண்டே போனேன். அடுப்படித் தொட்டிக்குக் கீழே அலமாரியின் பின்சுவரில், ரப்பர்க் குழாயைப் பிடித்திருந்த ஒரு கிளிப் துருப்பிடித்து அறுந்திருந்தது. தண்ணீர் அங்கே சொட்டவில்லை, சுவரோடு ஒட்டி வழிந்து, மூன்றடி தள்ளிப் பலகைக்குக் கீழே இறங்கியிருந்தது. தகரக் கூரைக் கதைதான். புதுக் கிளிப்பின் விலை ஒரு வெள்ளிகூட இல்லை.

ஆனால் அதோடு முடியவில்லை.

காலையில் பாக் சிக் வந்தார். தண்ணீர் வழிந்த பாதையைத் துடைக்கச் சொன்னார். கழிப்பறைக்குக் கீழே கையை நீட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். கடல் தண்ணீரை உள்ளே எடுக்கும் குழாய் ஒன்று அங்கே படகின் உடலைத் துளைத்து நிற்கும். அதன் பித்தளைக் கழுத்தில் என் முழங்கை பட்டது. பலமாக இடிக்கவில்லை. நனைந்த பிஸ்கட் மாதிரி அது ஒடிந்து என் கையோடு வந்துவிட்டது. கடல் முகத்தில் அடித்தது!

அடைப்பானின் கைப்பிடியைத் திருப்பினேன். பல வருஷம் யாரும் தொடாமல் இறுகிப்போயிருந்தது, அசையவில்லை. “கையை வை!” என்று கத்தினார் பாக் சிக். உள்ளங்கையை ஓட்டையின் மேல் வைத்து அழுத்தினேன். தண்ணீர் நின்றது. பிறகுதான் எனக்குப் புரிந்தது: 25 மில்லிமீட்டர் ஓட்டையில், அரை மீட்டர் ஆழத்தில், கடல் நம் கையைத் தள்ளுகிற வலு கால் கிலோ எடைதான். ஒரு சிறுபிள்ளையும் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அதே ஓட்டையைத் திறந்து விட்டால் நிமிடத்துக்கு 50 லிட்டருக்குக் குறையாமல் உள்ளே வரும். நம் மண்ணெண்ணெய் டின்னில் ஏறக்குறைய மூன்று டின். அந்தப் படகின் பம்போ, மணிக்கு 2,000 லிட்டர் என்று எழுதியிருந்தாலும், நிமிடத்துக்கு 33 லிட்டர்தான். மேலே தூக்கி இறைக்கும்போது அதிலும் குறையும். பாட்டரி தீர்ந்தால் அதுவும் இல்லை. ஆசிரியர் வீட்டில் உறங்கும் ஓர் இரவில் இது ஒடிந்திருந்தால், மறுநாள் காலையில் துறையில் பாய்மரத்தின் நுனி மட்டும் தெரிந்திருக்கும். வெளிக்கடலில் ஒடிந்திருந்தால், அவரோடு மனைவியும் பேரப்பிள்ளைகளும் போவது வழக்கம்.

பாக் சிக்கின் பையில் கூம்பு வடிவில் செதுக்கிய மென்மரக் கட்டைகள் எப்போதும் இருக்கும். ஒன்றை எடுத்து ஓட்டையில் வைத்துச் சுத்தியால் தட்டினார். மரம் நனைந்து ஊதி, இறுகப் பிடித்துக்கொண்டது. படகில் ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்திலும் அதற்குப் பொருத்தமான கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டி வைக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். அந்தப் படகில் ஒன்றுகூட இல்லை.

ஒடிந்த பித்தளையைப் பார்த்தோம். உள்ளே மஞ்சளாக இல்லை, செங்கல் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. கடல் தண்ணீர் துத்தநாகத்தை மட்டும் கரைத்து எடுத்துக்கொண்டு, செம்பைக் கடற்பஞ்சு போல விட்டுவிடும். வெளித்தோற்றம் அப்படியே இருக்கும், உள்ளே உயிர் இருக்காது. ஆகவேதான் கடலில் வெண்கலம் போடுவார்கள்; வெண்கலத்தில் செம்போடு சேர்வது வெள்ளீயம். இப்போது துத்தநாகம் எளிதில் கரையாதபடி செய்த தனி வகைப் பித்தளையும் வருகிறது. இவருக்கு விற்றவர் எதைச் சொல்லி விற்றாரோ! ரப்பர்க் குழாயிலும் இப்படி ஒன்று உண்டு. நாம் வெட்டும் பாலில் செய்த இயற்கை ரப்பர் நல்ல ரப்பர்தான், ஆனால் டீசலில் ஊறினால் உப்பி நைந்துவிடும். இயந்திரத்துப் பக்கம் அதைப் போடக்கூடாது.

இதைப் போன்ற வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளுக்காக இன்னும் சில குறிப்புகள். தண்ணீர் எப்போது வருகிறது என்று கேளுங்கள். மழைக்குப் பிறகு மட்டும் என்றால் பாய்மரம், ஜன்னல், மேல்தளத்துப் போல்ட்டுகள். இயந்திரம் ஓடும்போது மட்டும் என்றால் அதைக் குளிர்விக்கும் கடல் நீர்க் குழாய், புகைக் குழாய், தண்டின் பாக்கிங். பழைய முறைப் பாக்கிங் என்றால், தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழத்தான் வேண்டும், அதுதான் அதற்குக் குளிர்ச்சி. சொட்டே வராமல் இறுக்கினால் தண்டு சூடேறித் தேய்ந்துவிடும். பாய் விரித்துப் படகு சாயும்போது மட்டும் வந்தால், சாதாரணமாக நீர்மட்டத்துக்கு மேலே இருந்து சாயும்போது கீழே போகிற இடங்களைப் பாருங்கள். பில்ஜ் பம்பின் வெளிவாயே அப்படி நீருக்குள் போய், குழாய் வழியாகக் கடலைத் திரும்ப உறிஞ்சுவதும் உண்டு. மரப்படகு என்றால் கணக்கு வேறு. திரங்கானுவில் செங்கால் மரப் பலகைகளுக்கு இடையே கெலாம் மரப்பட்டையை வைத்து இறுக்குவார்கள். கரையில் காய்ந்த மரப்படகு நீரில் இறங்கியதும் முதலில் கசியும், பலகை ஊறி உப்பியதும் தானே நிற்கும். ஊறிய பிறகும் நிற்காவிட்டால்தான் கவலை.

பம்பு தானாக ஓடுகிற படகில், அது நாளைக்கு எத்தனை தடவை ஓடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். தானாக இறைக்கும் பம்பு ஒழுக்கை மறைத்துவிடும், நிறுத்தாது.

அந்தப் படகில் மொத்தம் ஆறு கழுத்துகள் இருந்தன. கரையேற்றி ஒவ்வொன்றையும் சிறு சுத்தியால் தட்டினோம். நான்கு உடைந்து விழுந்தன. ஆறையும் வெண்கலத்தில் மாற்றினோம். ஆசிரியர் படகை விற்கவில்லை. முதலில் ஒடிந்த துண்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்றும் என் மேசை அறையில் கிடக்கிறது. நகத்தால் கீறினால் சிவப்பாக உதிரும்.