மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

வேக வண்டி என்றதும் நேயர்களின் மனக்கண் முன் தோன்றுவது, கூரையற்றதும் நிலத்தோடு தாழ்ந்ததுமான ஐரோப்பிய வண்டியேயாகும். அத்தகைய வண்டியைத் தேடி அளவெட்டிக்குச் செல்பவர் வெறுங்கையுடன் திரும்புவார். ஆயினும், இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வேக வண்டியொன்றை ஓட்டிய அதே குடும்பத்து எஞ்சின், மல்லாகத்திலிருந்து அளவெட்டிக்குச் செல்லும் வீதியில் பல்லாண்டு காலம் பயணிகளைச் சுமந்து சென்றது. அதைப் பற்றிப் பேசுவதற்கு விடயம் நிறைய உண்டு.

ஒஸ்ரின் நிறுவனத்தார் 1950 முதல் 1953 வரை ஏ-40 ஸ்போர்ட்ஸ் என்னும் வண்டியை விற்றனர். அதன் அலுமினிய உடலைச் செய்து கொடுத்தவர் ஜென்சன் நிறுவனத்தார். 1,200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய எஞ்சினுக்கு இரட்டைக் காபரேற்றர் பூட்டியிருந்தார்கள். 1951 ஆம் ஆண்டில் அலன் ஹெஸ் என்பவர் இவ்வண்டியொன்றை ஓட்டி 21 நாளில் உலகைச் சுற்றி முடித்தார். கடல்களைக் கடக்கும்போது மாத்திரம் வண்டி ஆகாய விமானத்தில் ஏறியது. விற்பனையான வண்டிகள் ஏறத்தாழ நாலாயிரமே. ஆனால் அதே எஞ்சினை ஒற்றைக் காபரேற்றருடன் தாங்கிய சோமசெற் என்னும் குடும்ப வண்டி, 1952 முதல் 1954 வரையில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வலு வித்தியாசம் நாலைந்து குதிரைகள்தாம். இரண்டாவது காபரேற்றர் சம்பாதித்துக் கொடுத்தது அவ்வளவே!

இந்தச் சோமசெற்றையும் அதன் கூடப்பிறந்தவற்றையும் யாழ்ப்பாணத்தார் 'ஏ போட்டி' என்றே அழைத்தனர். வாடகைக் காராக அது பெற்ற செல்வாக்கை மொறிஸ் மைனர் ஒன்றே நெருங்க முடிந்தது. கியர்த் தண்டு சுக்கானின் கழுத்தில் இருந்தமையாலும் முன்னாசனம் வாங்குபோல் நீண்டிருந்தமையாலும் அதில் ஏறியோர் தொகையைச் சட்டம் நிர்ணயித்ததிலும் பார்க்க அவசரமே நிர்ணயித்தது. அளவெட்டியோ நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர் போன ஊர். என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் வி. தெட்சணாமூர்த்தியின் தவிலும் அவ்வூரின் பெயரைக் கடல் கடந்தும் கொண்டு சென்றவை. இரவுத் திருவிழாவுக்கு இசைக் குழுவினரை ஏற்றிச் சென்று, விடியற்காலையில் மணமக்களை ஏற்றி, பின்னேரம் வெங்காயச் சாக்கும் சுமப்பது வாடகைக் காரின் இயல்பான வாழ்க்கையாயிருந்தது.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. வடக்குக்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டது. பெற்றோல், மின்கலம், உதிரிப்பாகம் ஆகிய யாவும் தடைப் பொருள்களாயின. மின்சாரமும் நின்றது. அளவெட்டியிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஏறத்தாழப் பத்து மைல். நள்ளிரவில் பிரசவ வேதனை கண்ட பெண்ணைச் சைக்கிளில் அவ்வளவு தூரம் கொண்டு செல்லல் ஆகாது. கொட்டிலில் கார் நிற்கிறது; ஊற்றுவதற்குப் பெற்றோல் இல்லை. கிடைத்த பெற்றோலும் போத்தற் கணக்கில், கொள்ளை விலையில் விற்றது. மண்ணெண்ணெயும் மலிவானதன்று, ஆயினும் தேடினால் அகப்படும்.

மண்ணெண்ணெயில் கார் ஓடுமா என்ற ஐயம் பட்டணத்தவருக்கு எழுந்திருக்கலாம். அளவெட்டித் தோட்டக்காரருக்கு அது எழுந்திருக்க நியாயமில்லை. துலா மிதித்த காலம் போய், நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின்னர், செம்மண் தோட்டத்துக் கிணற்றடிகளில் ஒவ்வொரு காலையும் அவர் செய்ததே இதுதான். அந்த இயந்திரத்தின் தாங்கியில் சிறியதோர் அறையும் பெரியதோர் அறையும் உண்டு. சிறியதில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெய். பெற்றோலில் தொடக்கி, எஞ்சின் சூடேறியதும் திறப்பை மற்றப் பக்கம் திருப்பிவிட்டு, வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டப் போய்விடுவார். 1949 முதல் விற்பனைக்கு வந்த பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகையும் இதே முறையில் இயங்கியது. ஆகவே, போர்க்காலத்தில் வீதிக்கு வந்த வித்தை கராச்சில் பிறந்ததன்று. கிணற்றடியிலிருந்து நடந்து வந்தது.

எனினும் காரும் கிணற்றடி இயந்திரமும் ஒன்றல்ல. கிணற்றடி இயந்திரம் ஒரே வேகத்தில், ஒரே பாரத்தில் மணிக்கணக்காக இயங்கும். கார் நின்று நின்று செல்லும். பெற்றோல் கை வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் கொதிநீரின் வெப்பத்துக்கும் மேற்பட்ட வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கும். ஆவியாகாத எண்ணெய் எரியாது. எனவே முதல் வேண்டுவது வெப்பம். ஏ-40 எஞ்சினில் உள்ளிழுக்கும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று தழுவியிருப்பதால் அந்த வெப்பம் ஓரளவு தானே கிடைத்தது. ஓட்டுநர் ஒரு சிறு போத்தலில் பெற்றோலைக் கைவசம் வைத்திருப்பார். காபரேற்றரின் வாயில் சில துளி விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறும்வரை காத்திருந்து, பின்னரே மண்ணெண்ணெய்க்கு விடுவார். கவனமுள்ளவர் தரிப்பிடம் சேர்வதற்குச் சற்று முன்னரே மீண்டும் பெற்றோலுக்குத் திருப்புவார். காபரேற்றரின் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கி நின்றால் மறுநாட் காலையில் எத்தனை முறை சுற்றினாலும் எஞ்சின் எழும்பாது.

இரண்டாவது தடை, எஞ்சின் தட்டுதல். மண்ணெண்ணெய் அழுத்தத்தைத் தாங்காது. சுவாலை சென்று சேரும் முன்பே கண்டபடி பற்றிக்கொள்ளும். அப்போது எஞ்சினுக்குள் சிறு சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை கேட்கும். இதற்குப் பரிகாரமாகத் தீப்பொறி விழும் நேரத்தைச் சிறிது பின்தள்ளுவர். தடித்த கஸ்கற்றை இட்டு அறையின் இடத்தைப் பெருக்குவதும் உண்டு. ஏ-40 எஞ்சின் இதற்கு இணங்கியதன் காரணம் வேடிக்கையானது. போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் 1953 வரையில் நல்ல பெற்றோல் இல்லை. எல்லா நிறுவனங்களும் கலந்து விற்ற தரம் குறைந்த பெற்றோலுக்கென்றே அது வடிவமைக்கப்பட்டது. கலவையை ஏறத்தாழ ஏழு மடங்குக்கே அது அழுத்தியது. பிறந்த நாட்டின் பஞ்சத்துக்குப் பழகிய எஞ்சின் வந்த நாட்டின் பஞ்சத்தையும் பொறுத்துக்கொண்டது. இன்னொரு காரணம், குடாநாட்டில் மலையில்லை. கண்டி வீதியின் கடுகண்ணாவை ஏற்றத்தில் மண்ணெண்ணெய்க் காரை ஏற்ற முயன்றிருந்தால் கதை வேறாயிருக்கும்.

தவிலின் நடையில் ஒரு சொல் பிசகினாலும் பிடித்துவிடும் செவியுள்ள ஊரில், எஞ்சின் தட்டுவதைக் கேட்டுத் தீப்பொறி நேரத்தைத் திருத்துவது பெரிய காரியமன்று எனலாம். அளவு கருவிகள் கிடைக்காத அந்நாளில் செவியே கருவி.

இம்மாற்றத்துக்கு எஞ்சின் கொடுத்த விலை சிறிதன்று. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். எண்ணெய் மட்டம் பார்க்கும் கோலை இழுத்துப் பார்ப்பவர், குறைய வேண்டிய எண்ணெய் கூடியிருக்கக் காண்பார். அதைக் கண்டு மகிழ்பவருடைய வண்டி விரைவில் கராச்சுக்கு வரும். கூடியது எண்ணெயன்று, எரியாத மண்ணெண்ணெய். அது எண்ணெயை நீர்க்கச் செய்து, பெயரிங்குகளைத் தின்றுவிடும். ஆகவே எண்ணெயை வழமையிலும் விரைவாக மாற்ற வேண்டியிருந்தது. அதுவும் புதிய எண்ணெய் அரிதாயிருந்த காலத்தில். பிளக்குகளில் கரி படியும். அவற்றைக் கழற்றிச் சுரண்டுவது காலைக் கடனாயிற்று. பின்னால் சைக்கிளில் வருபவரின் கண் எரிவதையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

பற்றறி வலுக் குன்றியபோது காரைத் தொடக்குவதற்கு முன்புறத்தில் செருகும் கைப்பிடி உதவியது. இக்கைப்பிடியைப் பிடிப்பதில் ஒரு முறை உண்டு. பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிர்ப்புறமாக வளைத்துப் பிடிக்கலாகாது. ஐந்து விரலும் ஒரே புறத்தில் இருக்க வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால், பெருவிரலை மடித்தவருடைய கை முறியும். கீழிருந்து மேலே இழுக்க வேண்டுமேயன்றி, மேலிருந்து கீழே அழுத்துதல் கூடாது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றபோது, ஓடக்கூடிய கார்கள் முதியோரையும் மூட்டைகளையும் சுமந்து நகர்ந்தன. மனித வெள்ளத்தின் நடுவே எந்த வண்டியும் நடப்பவரை முந்தவில்லை. ஓடாத கார்கள் கொட்டில்களிலேயே விடப்பட்டன. திரும்பி வந்தவர்களிற் சிலர் கண்டது சக்கரமற்ற கூடுகளையே. 2002 ஜனவரியில் பொருளாதாரத் தடை நீங்கியது. ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. பெற்றோல் திரும்பியது.

போர்க்காலத்து வித்தையை நெருக்கடி வரும்போதெல்லாம் பயன்படுத்தலாம் என எண்ணுதல் பிழை. 2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. அப்போது மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு அதன் விலை ஏறியது. கணினி கொண்டு எரிபொருளைத் தெளிக்கும் புதிய கார்களோ மண்ணெண்ணெயைச் சகிப்பதில்லை. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும்.

2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வண்டிகளுக்கு அத்தடை 2025 பெப்ரவரி வரை நீடித்தது. அதனால் பழைய வண்டியை வைத்திருப்போருக்குப் புதிய மதிப்பு ஏற்பட்டது. ஆனால் அளவெட்டியில் பழைய காரைப் பேணுபவர் வேகத்தைக் கருதுமுன் நீரைக் கருத வேண்டும். குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறிய நீர். கேத்திலின் அடியில் வெண்படலம் படிவிக்கும் அதே நீரை றேடியேற்றரில் ஊற்றினால், அதன் மெல்லிய குழாய்கள் சில ஆண்டுகளில் அடைபடும். மாரியில் பிடித்த மழைநீர் இதற்கு உகந்தது, காசும் இல்லை. கடற்காற்றில் உப்பு உண்டு. கதவின் அடிவிளிம்பிலும் மட்காட்டின் உட்புறத்திலும் செம்மண் சேறு தங்கினால், அது ஈரத்தைப் பிடித்துவைத்துக் கறளை வளர்க்கும். வெளியே மினுக்குவதிலும் பார்க்க உள்ளே கழுவுவதே மேல்.

கழித்த எண்ணெயை எங்கே ஊற்றுவது என்பது இன்னும் பாரதூரமான கேள்வி. வேலியடியில் ஊற்றுவது நெடுநாட் பழக்கம். கறையானுக்கு நல்லது என்பாரும் உளர். சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பும் துவாரமும் நிறைய. மேலே ஊற்றியது கிணற்றுக்குப் போக அதிக காலம் வேண்டியதில்லை. அயலூரான சுன்னாகத்தில் மின்னிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தமை பற்றிய வழக்கில், 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் இழப்பீடு செலுத்தப் பணித்ததை அப்பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். கராச்சுக் குழியிலிருந்து வழியும் எண்ணெய் அளவில் சிறிது. கிணறோ அதே கிணறு.

ஏ-40 எஞ்சினைக் கழற்றிவிட்டு யப்பானிய டீசல் எஞ்சினைப் பூட்டுவோர் பலர். செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் பழைய பிறேக் அந்தப் பாரத்துக்கும் வேகத்துக்கும் அமைந்ததன்று என்பதைப் பூட்டுமுன் எண்ணுவோர் குறைவு. ஓட வைப்பதற்கு ஒரு கிழமை செலவிடுபவர், நிறுத்துவதற்கு ஒரு நாளேனும் செலவிட வேண்டாமா? எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் உள்ள விபரம். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி, பதிந்த விபரம் மாறினால் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். இடப்பெயர்வில் புத்தகத்தையே இழந்தவருக்கு இது இரட்டைச் சுமை. கார் கையில் இருந்தும் அதை முறைப்படி விற்க இயலாது.

இன்று பழைய ஒஸ்ரின் ஒன்றை வாங்க வருபவர் வர்ணத்தைப் பார்க்கிறார். கதவைச் சாத்திப் பார்க்கிறார். விடயமறிந்தவர் முதலில் எண்ணெய்க் கோலை உருவி மணந்து பார்ப்பார். பின்பு தீப்பொறி நேரத்தைச் சோதிப்பார். மண்ணெண்ணெய்க்காகப் பின்தள்ளியதைப் பெற்றோல் வந்த பின்னரும் முன்னுக்குக் கொண்டுவராமல் விட்டிருந்தால் கார் சூடாகும், வலு குன்றும், பெற்றோலையும் வீணே குடிக்கும். உடையவரோ எஞ்சின் கிழடாகிவிட்டது என்று விலையைக் குறைப்பார். டிஸ்ரிபியூற்றரின் அடியில் உள்ள ஒரு பூட்டாணியைத் தளர்த்தி, சிறிது திருப்பி, செவி கொடுத்துக் கேட்டு இறுக்கினால் போதும். அரை மணி நேர வேலை அது.