‘உடம்பு போட்டுவிட்டாய்’: நோயும் எடையும் வினைச்சொல்லும்



இம்மன்றத்தின் பொதுச் சொற்பொழிவு வரிசையில் உரையாற்ற அழைப்பு வந்தபோது, வேற்றுமை உருபுகளைப் பற்றிப் பேசலாம் என்றே முதலில் எண்ணியிருந்தோம். இப்போதும் பேசப்போவது வேற்றுமையைப் பற்றியும் வினையைப் பற்றியும்தான். ஆயினும் அதற்கான சான்றுகள் இலக்கண நூலிலிருந்து வரவில்லை. நம்மிடம் முன்பு பயின்று, இன்று பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருக்கும் ஒரு பெண்மணியிடமிருந்து வந்தன. அவருடைய இசைவைப் பெற்றே இதைச் சொல்கிறோம். பெயரையும் பள்ளியையும் சொல்லப்போவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் நடந்த ஒரு நூல் வெளியீட்டில் அவரைக் கண்டோம். நெடுநாள் கழித்துக் கண்ட மகிழ்ச்சியில், “என்னம்மா, உடம்பு போட்டுட்டீங்களே!” என்றோம். அவர் சிரித்தார். அருகிலிருந்தோரும் சிரித்தனர். அத்துடன் அது முடிந்தது என்றே எண்ணினோம். ஏறத்தாழ ஓராண்டு கழித்து அவர் நம் வீட்டிற்கு வந்து, “ஐயா, எனக்கு ஒரு சொல் வேண்டும். என் நோயை அம்மாவுக்குத் தமிழில் சொல்ல முடியவில்லை” என்றபோதுதான், நாம் அன்று சொன்னது எங்கே போய் விழுந்தது என்பது தெரிந்தது.

அவருக்கு இருந்தது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவரில் இருக்கும் படலத்தை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே, சூலகத்தின் மீதோ இடுப்புக்குழியின் உட்சுவரிலோ குடலின் மேலோ வளர்வது. அதுவும் மாதச் சுழற்சியின் இயக்குநீர்களுக்கு ஆட்படுகிறது, கசிகிறது, வெளியேற வழியின்றிச் சுற்றியுள்ள உறுப்புகளை அழற்சியுறச் செய்கிறது, ஒன்றோடொன்று ஒட்டச் செய்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கருவுறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்நோய் உண்டு. நூறு பெண்கள் இருக்கும் அவையில் பத்துப் பேர். இவ்வளவு பரவலான ஒன்றிற்கு வீட்டில் வழங்கும் தமிழ்ப்பெயர் ஒன்றும் இல்லை என்பதே அவர் கொண்டுவந்த சிக்கல்.

ஆங்கிலப் பெயரும் அவ்வளவு சிறப்பானதன்று. கிரேக்கத்தில் ‘எண்டோ’ என்றால் உள். ‘மெட்ரா’ என்றால் கருப்பை. 1920களில் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் பரப்பிய இப்பெயர், வெளியே வளர்ந்து துன்புறுத்தும் ஒன்றை ‘உள்’ என்ற முன்னொட்டால் அழைக்கிறது. தமிழில் ‘இடமகல் கருப்பை அகப்படலம்’ என்றோர் ஆக்கம் உண்டு. பொருள் பிழையில்லை. ஆனால் வலியில் துடிக்கும் ஒருவர் அதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க இயலாது. சூலகத்தில் பழைய இரத்தம் தேங்கி உண்டாகும் கட்டியைச் ‘சாக்லேட் கட்டி’ என்று மருத்துவர்கள் சொல்வதும் உண்டு. நிறத்தை வைத்து இட்ட பெயர். அன்னையார் அதைக் கேட்டுவிட்டு, மகள் சிறுவயதில் இனிப்பு மிகுதியாகத் தின்றதால் வந்த கட்டி என்று முடிவு கட்டிவிட்டாராம்! சிரிப்பாகத்தான் இருக்கிறது. அவர் சிரிக்காமல்தான் சொன்னார்.

அன்னையார் ஜொகூர்த் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர். மாதவிடாய் வலிக்கு மலாயில் வழங்கும் ‘செங்குகுட்’ என்ற சொல்லே அவர் வாயில் வரும். “அது செங்குகுட்டுதான், எல்லாருக்கும் வரும்” என்பது மகளின் பதினான்காம் வயதிலிருந்து அவர் சொல்லிவந்த மருத்துவம். மகளுக்கு நோய் இன்னதென்று தெரிந்தபோது வயது முப்பத்தொன்று. அன்னையைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தகுதி வழக்கைப் பாடம் நடத்தியிருக்கிறோம். தொல்காப்பியர் எச்சவியலில் கூறும் அவையல் கிளவியையும், பவணந்தி முனிவரின் இடக்கரடக்கலையும் விளக்கியிருக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் ‘கால் கழுவி வந்தான்’ என்பதே நம் எடுத்துக்காட்டு. தூரம், வீட்டு விலக்கு, மூன்று நாள், மலாய்க்காரரின் ‘டத்தாங் புலான்’ என்று இடக்கரடக்கலுக்கு மிகச் செழிப்பான களம் மாதவிடாய்தான் என்பது தெரிந்தும், வகுப்பில் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. இடக்கரடக்கலைக் கற்பிக்கும்போதும் இடக்கரடக்கினோம். ‘தூரம்’ என்ற சொல்லுக்குள் வலி இல்லை, அளவு இல்லை, இயல்பானது எது, இயல்பு மீறியது எது என்று பிரித்துக் காட்டும் வழி இல்லை. வீட்டில் அந்த ஒரு சொல்லே இருந்தால், மகள் மருத்துவரிடம் போய் எதைச் சொல்வாள்?

இனி எடைக்கு வருவோம்.

நோய் தெரிந்த பின், அண்டகச் சுழற்சியை அடக்கும் புரொஜெஸ்டின் வகை மாத்திரையை நாள்தோறும் உண்ணுமாறு மருத்துவர் பணித்தார். வலி குறைந்தது. ஓராண்டுக்குள் 57 கிலோவாக இருந்தவர் 65 கிலோ ஆனார். உயரம் 158 சென்டிமீட்டர். உடல் நிறைக் குறியீட்டெண் 22.8 இலிருந்து 26 ஆயிற்று. சிங்கப்பூரில் 23 என்பது எல்லைக்கோடு. ஆசிய உடலமைப்பைக் கருதி, பிற நாடுகளில் வழங்கும் 25ஐ விடத் தாழ்த்தி வைக்கப்பட்டது. ஆகவே அவர் கோட்டைத் தாண்டியவரானார். அக்குறியீட்டெண்ணின் சூத்திரத்தை 19ஆம் நூற்றாண்டில் வகுத்த பெல்ஜிய அறிஞர் கெட்லே, மக்கள் தொகையின் சராசரியை ஆராய்ந்த கணக்கியலாரே அன்றி மருத்துவர் அல்லர் என்பதை இடையே சொல்லிவைக்கிறோம்.

அந்த எட்டுக் கிலோவும் எங்கிருந்து வந்தது? இதில் அவசரப்பட்டு ஒரு காரணத்தைச் சொல்லிவிடக் கூடாது. இந்நோய் தானே கொழுப்பைக் கூட்டுகிறது என்று நிறுவப்படவில்லை. இந்நோயுள்ளோர் பொதுவில் மெலிந்தவராக இருப்பதாகவே பல ஆய்வுகள் காட்டுகின்றன. இயக்குநீர் மருந்துகளுள் சிலவற்றிற்கும் எடைகூடலுக்கும் தொடர்பு உண்டு. மூன்று திங்களுக்கு ஒருமுறை போடும் மெட்ராக்சிபுரொஜெஸ்டிரோன் ஊசியில் அது நன்கு அறியப்பட்டது. மாத்திரைகளில் ஆளுக்கு ஆள் வேறுபடும். வலி மிகுந்த நாள்களில் நடக்க இயலாது, உறக்கம் கெடும், சோர்வு மிகும். இவற்றோடு, காலையில் தட்டையாக இருந்த வயிறு மாலைக்குள் ஏழு மாதக் கருப்பம் போல் எழும்பி நிற்பதும் இந்நோயில் உண்டு. அது கொழுப்பு அன்று.

இங்கேதான் நம் மொழியின் வளம் நினைவுக்கு வருகிறது. காற்றால் வருவது உப்புசம், பொருமல். நீரால் வருவது வீக்கம். “முகத்தில் நீர் கோத்திருக்கிறது” என்பர். தளர்ந்த கொழுப்பு ஊளைச்சதை. மொத்தத்தில் பெருத்திருத்தல் பருமன். எடைபார்க்கும் கருவிக்கு இந்த வேறுபாடுகள் தெரியா. நம் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தன. அந்தப் பெண்மணியிடம் நாம் சொன்ன உருப்படியான செய்தி ஒன்று உண்டென்றால், ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் இச்சொற்களைப் பிரித்து எழுதுமாறு சொன்னதுதான். மருத்துவரிடம் ‘எடை கூடிவிட்டது’ என்பதற்கு மாறாக, ‘இந்த நாள்களில் உப்புசம், இந்த நாள்களில் நீர்க்கோவை, சதை கூடியது இவ்வளவு’ என்று சொல்ல அவருக்கு அது உதவிற்று என்றார்.

ஆனால் அவரை நோகச் செய்தவை பெயர்ச்சொற்கள் அல்ல, வினைச்சொற்கள்.

‘எனக்கு வலிக்கிறது’ என்னும் தொடரைப் பாருங்கள். துன்புறுபவர் எழுவாய் வேற்றுமையில் நிற்பதில்லை. நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். பசி, தாகம், குளிர், வலி ஆகியன நம்மிடம் வருவன. நாம் செய்வன அல்ல. ‘நான் வலித்தேன்’ என்றால் துடுப்பு வலித்தேன் என்று வேறு பொருளாகிவிடும். திராவிட மொழிகளின் அழகிய கூறுகளுள் இஃது ஒன்று என்று மாணவர்களுக்குப் பெருமையோடு சொல்லியிருக்கிறோம். மெலிவைச் சொல்லும்போதும் ‘இளைத்துவிட்டாள்’ என்று செயப்படுபொருள் குன்றிய வினையையே ஆள்கிறோம். எடை கூடும்போதோ, ‘உடம்பு போட்டுவிட்டாள்’, ‘சதை போட்டிருக்கிறாள்’ என்கிறோம். ‘போடு’ செயப்படுபொருள் குன்றா வினை. அவளே எழுவாய், அவளே வினைமுதல், உடம்பு அவள் செய்த செயலின் பொருள். சட்டை போட்டாள், கோலம் போட்டாள், உடம்பு போட்டாள்!

‘பெருத்துவிட்டாள்’, ‘ஊதிவிட்டாள்’ என்பனவும் உள்ளனவே என்று மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். உள்ளன. வழக்கை நூற்பாப் போல் இறுக்கிப் பிடிக்க நாம் விரும்பவில்லை. எனினும் நாம் கேட்டவரையில் இன்னொன்று உண்டு. பிறரைச் சொல்லும்போது “வெயிட் போட்டுட்டா” என்பவர், தம்மைச் சொல்லும்போது “எனக்கு வெயிட் போட்டுருச்சு” என்று நான்காம் வேற்றுமைக்கு மாறிவிடுகிறார். தமக்கு நேர்ந்தது, பிறர் செய்துகொண்டது. நாமும் நூலகத்தில் அப்படித்தான் சொன்னோம்.

மருத்துவமனையிலும் இதே நிலை. “எடையைக் குறையுங்கள்” என்பது ஏவல். குறை என்னும் வினை தன்வினையில் ‘எடை குறைந்தது’, பிறவினையில் ‘எடையைக் குறைத்தாள்’ என இருவகையாக நடக்கும். ஒவ்வொரு சந்திப்பிலும் அவருக்குக் கிடைத்தது பிறவினை மட்டுமே. அவர் குறைக்க முயலாமல் இல்லை. சோற்றைப் பாதியாக்கினார், புளோக்கைச் சுற்றி மாலையில் நடந்தார், வலி வந்த வாரங்களில் நடை நின்றது, நின்றதற்காகத் தம்மையே கடிந்துகொண்டார். பள்ளிகளைப் பொறுத்தவரை இந்நாட்டுக்கே ஒரு பாடம் உண்டு. 1992 முதல் 2007 வரை நடந்த, பருமனான மாணவர்களுக்குக் கூடுதல் உடற்பயிற்சி தந்த திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கப்பெயர் ‘டி, ஏ, எஃப்’. அதைப் பின்னிருந்து படித்தால் ‘கொழுத்தவர்’ என்று பொருள்படும் ‘ஃபேட்’ வரும். பிள்ளைகள் பின்னிருந்து படிக்காமல் இருப்பார்களா? பெயரிடுவோர் ஒருமுறை திருப்பிப் படித்துப் பார்த்திருக்கலாம்.

எல்லாவற்றிலும் கொடிய சொல், கேட்பதற்கு இனிய சொல். ‘விசேஷமா?’ என்பது. மணமாகி ஆறாண்டு ஆன பெண்ணின் வயிறு சற்று எழும்பியிருந்தால், திருமண மண்டபத்தில் நான்கு பேராவது கேட்பர். கேட்பவர் மனத்தில் கேடு இல்லை. அது மங்கல வழக்கு. ஆனால் இந்நோய் கருத்தரிப்பதைக் கடினமாக்கக்கூடியது. அவர் உண்டுவந்த மருந்தோ உண்ணும்வரை கருத்தரிக்க விடாதது. உப்பிய வயிற்றையும் இல்லாத குழந்தையையும் ஒரே சொல்லால் சுட்டிவிட்டுப் பாயசம் பரிமாறப் போய்விடுகிறோம். மங்கலச் சொல் இத்தனை ஆழமாகக் குத்தும் என்று எந்த இலக்கண நூலும் நமக்கு எச்சரிக்கவில்லை.

அவர் மருந்தை நிறுத்திவிட்டார். மருத்துவரிடம் சொல்லவில்லை, கணவரிடமும் சொல்லவில்லை. தங்கையின் திருமணத்திற்கு முன் பழைய உடம்பு வந்துவிட வேண்டும் என்று எண்ணினார். எடை இரண்டு கிலோ குறைந்தது. நான்காம் திங்களில் வலி முன்னிலும் கடுமையாகத் திரும்பி, வகுப்பில் நின்றுகொண்டிருந்தவர் கரும்பலகையருகே அமர்ந்துவிட்டார். மருத்துவமனையில் ஒரு வாரம் இருந்தார். நம் வீட்டிற்கு வந்தது அதன் பின்னர்தான். “யார் யார் சொன்னார்கள் என்று ஒரு பட்டியல் மனத்தில் இருந்தது, ஐயா. நீங்களும் அதில் இருந்தீர்கள்” என்று அமைதியாகச் சொன்னார். நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் காப்பியை அருந்திவிட்டு, “சரி, இப்போது சொல்லைத் தேடுவோம்” என்றார். நல்ல மாணவர்.

இருவரும் பல நாள் தேடினோம். ‘புறப்படல நோய்’ என்பதை நாம் முன்வைத்தோம். ‘புறப்படல்’ என்று பிரித்துப் படித்து, எங்கே புறப்படுகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள் என்று தள்ளினார். ‘அயற்படலம்’ என்று அவர் சொன்னார். கண்நோய் என்று கருதிவிடுவர் என்று நாம் தள்ளினோம். கடைசியில் சொல்லை விட்டுவிட்டு, அன்னையாரிடம் ஒரு தொடராகவே சொன்னார்: கருப்பைக்குள் இருக்க வேண்டியது போன்ற படலம் வெளியே வளர்ந்திருக்கிறது; மாதந்தோறும் அங்கேயும் கசிகிறது; அதனால் உள்ளே புண்.

அன்னையார் நெடுநேரம் பேசவில்லையாம். பிறகு, “அப்போ இத்தனை வருசமா உள்புண்ணோடயா இருந்தே?” என்றாராம்.

இப்போது அவ்வீட்டில் அதன் பெயர் உள்புண். மருத்துவர் எவரும் ஏற்கமாட்டார். நாமும் கலைச்சொல் பட்டியலுக்கு அதை அனுப்பப்போவதில்லை. ‘அயற்படல நோய்’ போதும் என்று அவர் இன்னும் வாதிடுகிறார். நமக்கு இன்னும் நிறைவில்லை. இந்த அவையிலுள்ள உயிரியல் ஆசிரியர்களுக்கோ மாணவர்களுக்கோ இதனினும் நல்ல சொல் தோன்றினால் எழுதியனுப்புங்கள். அவர் மாத்திரையை மீண்டும் உண்கிறார். எடை 64 கிலோ. சென்ற பொங்கலன்று நம் வீட்டிற்கு வந்திருந்தார். வாசலில் நின்றபடி என்ன சொல்லி வரவேற்பது என்று ஒரு கணம் திகைத்தோம். “வாங்கம்மா, என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டோம்.