வலிக்காத நோயைக் கண்டுபிடிக்கும் வேலை: இளைஞர் கூட்டத்தில் பேசியது



பிளஸ் டூ முடிச்சதும் டாக்டரா, இன்ஜினியரான்னு வீட்டில் கேட்பாங்க. நானும் இன்ஜினியரிங் படிச்சவன்தான். இன்னொரு வழியும் இருக்கு: சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் பரிசோதிக்கிற வேலை.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். உங்க தெருவையே எண்ணிப் பாருங்க! சர்க்கரை விழித்திரையைக் கெடுக்கும்போது ஆரம்பத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது. மங்கின பிறகு வந்தால், போன பார்வை முழுசாத் திரும்புவது கஷ்டம்.

வருஷம் ஒரு தடவை படம் எடுத்தால் முன்கூட்டியே தெரியும். அதை எடுக்க டாக்டர்தான் வேணும்னு இல்லை. ஆப்டோமெட்ரி, பயிற்சியோடு நாலு வருஷம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்குது.

தேவைப்பட்டால் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரியும்வரை காத்திருந்து, ஃபண்டஸ் கேமராவில் படம் எடுக்கணும். சிவப்புப் புள்ளி, ரத்தக் கசிவு, மஞ்சள் படிவு இருக்கான்னு பார்க்கணும். மருந்து விட்டவரிடம் "இப்ப வண்டி ஓட்டாதீங்க ஐயா"ன்னு சொல்லணும். "எனக்குத்தான் நல்லாத் தெரியுதே"ன்னு எழுந்து போற பெரியவரை உட்கார வைக்கிறதுதான் நிஜமான வேலை.

ஏஐ வந்துடுச்சேன்னு கேட்பீங்க. வந்துடுச்சு. 2016-ல் கூகுள் வெளியிட்ட ஆய்வில் நம்ம ஊர் மருத்துவமனைப் படங்களும் இருந்தன. ஆனா மங்கலான படத்தைக் கொடுத்தால் ஏஐ கையை விரிச்சிடும்.

சம்பளம் ஆரம்பத்தில் ஐ.டி. அளவுக்கு வராது, மறைக்கல. சேருமுன் கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கான்னு மட்டும் கட்டாயம் பாருங்க.