பழைய வினாப்பத்திரங்கள்
(திருவண்ணாமலையில் நமது சங்க மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



தமிழாசிரியனுக்கு இயற்கணிதத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அதில் ஒருமுறை தோற்றவன் என்னும் உரிமை எனக்குண்டு. மேல்நிலைத் தேர்வுக்குமுன் பழைய வினாக்களின் விடைகளை நெட்டுருச் செய்தேன். மூலங்கள் கூட்டுத் தொடரிலுள்ள முப்படிச் சமன்பாடு, கூட்டுத்தொகை 6, ஆகவே நடுமூலம் 2. இஃது எனக்கு மனப்பாடம். தேர்விலோ பெருக்குத் தொடர் என்று கேட்டுவிட்டனர்; கூட்டுத்தொகை 7, பெருக்கற்பலன் 8. பெருக்குத் தொடரில் நடுமூலத்தின் கனமே பெருக்கற்பலன். ஆதலின் நடுமூலம் 2. மூலங்கள் 1, 2, 4. யானோ 7-ஐ 3-ஆல் வகுத்துவிட்டு வந்தேன்! ஆறு திங்கள் கழித்தே தேறினேன்.

இதனால் பழைய வினாக்கள் வீண் என்று கொள்ளற்க. ஹால், நைட் என்னும் இருவர் இயற்றி 1887-இல் வெளிவந்த ‘ஹையர் ஆல்ஜீப்ரா’ என்னும் நூலின் இறுதியில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய இடத்துத் தேர்வுக் கணக்குகள் பல, வந்த தேர்வின் பெயரோடே தொகுக்கப்பெற்றுள்ளன. நம் நாட்டினரும் தலைமுறை தலைமுறையாக அதனைப் பயின்றனர். அந்நூலில் விடையுண்டு, அக்கணக்குகளுக்கு வழி எழுதப்படவில்லை. வழியை மாணவனே காணவேண்டும். பயன் அங்கேதான்.

சென்ற திங்கள் நம் குலத்துப் பெற்றோர் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் மகள் கல்லூரியில் முதலாண்டு இயற்கணிதத்தில் இருமுறை தவறிவிட்டாள். படிப்பை நிறுத்திவிடலாமா என்று வினவினார். அப்பெண்ணை ஒரு பழைய பத்திரத்திற்கு விடையெழுதச் சொன்னேன். எழுதியவை பெரும்பாலும் சரியே. ஆனால் முதற் பெருவினாவிலேயே ஒரு மணி நேரம் போக்கி, இறுதி மூன்றையும் தொடவே இல்லை. அறியாமையன்று, நேரக்கணக்கு அறியாக் குறை! கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஒருமுறை நடந்தவருக்கே எங்கே கால் தளரும் என்பது தெரியும். வினாப்பத்திரமும் அப்படியே.

ஆகவே, முதலில் பாடநூலை முடியுங்கள். பின்பு நூலை மூடி, கடிகாரத்தை எதிரில் வைத்து, முழு நேரமும் அமர்ந்து ஒரு பத்திரம் எழுதுங்கள். மறுநாள் திருத்துங்கள். வழி தெரியாத பிழை வேறு. கழித்தற்குறியை விட்ட பிழை வேறு. நேரம் போதாமை வேறு. மூன்றுக்கும் மருந்து ஒன்றன்று. தவறிய வினாவை ஒரு வாரங்கழித்து மீண்டும் செய்யுங்கள். அண்மைப் பத்திரம் ஒன்றைத் திறவாமல் கடைசிக்கு வையுங்கள். பாடத்திட்டம் மாறியிருப்பதையும் பார்க்கவேண்டும்; மேல்நிலைக் கணிதத்திற்கு 200 மதிப்பெண் இருந்த காலத்துத் தாளைக்கொண்டு இக்காலத்து நேரத்தை அளக்க இயலாது.

அப்பெண் இதுவரை நான்கு பத்திரங்கள் எழுதியுள்ளாள். நான்காவதில் ஒரு வினாவே மிஞ்சிற்று. ஐந்தாவது, வரும் ஞாயிறு காலை சங்கக் கட்டடத்தில். தந்தையாரையும் வரச் சொல்லியிருக்கிறேன். மற்ற மாணவரும் வரலாம். கடிகாரமும் தாளும் சங்கம் தரும்.