மந்திரம் அடங்கினால் டிராகன் அடங்குமா?

(நமது குடியிருப்பின் விடுமுறை விளையாட்டு மாலையில் ஆற்றிய உரை)



சனிக்கிழமை மாலையில் கிளப் ஹவுஸ் பக்கம் போனால், நம் பிள்ளைகள் பகடையும் பேப்பருமாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். அவர்கள் ஆடுவது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார், அவரே நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். அந்த மேஜையில் அடிக்கடி சத்தம் கிளப்பும் ஒரு கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

'ஆன்டிமேஜிக் ஃபீல்ட்' என்றொரு மந்திரம் உண்டு. போட்டவரைச் சுற்றி 10 அடிக்கு ஏறக்குறைய எந்த மந்திரமும் வேலை செய்யாது. அழிந்துபோகாது, அடங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். மந்திர வாளும் அந்த வட்டத்துக்குள் வெறும் வாள்தான். வெளியே எடுத்து வந்தால் பழைய சக்தி திரும்பிவிடும்.

இப்போது எதிரே ஒரு டிராகன். அதன் நெருப்பும் நின்றுவிடுமா?

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் நிற்காது. நெருப்பு அதன் உடம்போடு பிறந்தது; விதிப்புத்தகம் அதை மந்திரம் என்று சொல்லவில்லை. டிராகன் பறப்பதும் நிற்காது. ஆனால் நம் வீரனின் மந்திர வாளும் கேடயமும் அடங்கிவிட்டன. தற்காப்புக்குப் போட்ட மந்திரமே அவனை நிராயுதபாணி ஆக்கிவிடுகிறது!

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் நிலைமை வேறு. அங்கே டிராகனின் நெருப்பு 'இயற்கையை மீறிய சக்தி' என்று குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வட்டத்துக்குள் அது பலிக்காது. ஒரே டிராகன், இரண்டு பதில்.

டிரோல் என்ற அரக்கனுக்குக் காயம் தானே ஆறும். அதுவும் உடம்பின் குணம். இந்த இரண்டு பதிப்பிலும் மந்திரத் தடை அதைத் தொடாது. நெருப்போ அமிலமோதான் வேண்டும். பிஹோல்டரோ நேர்மாறு. அதன் நடுக்கண் பார்க்கும் திசையில் மந்திரம் அடங்கும். மற்ற பத்துக் கண்களிலிருந்து அது வீசும் கதிர்களும் அந்தத் திசையில் பலிக்காது. தன் ஆயுதத்தைத் தானே கட்டிப்போடும் பிராணி! எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தே நம் ஆபத்து.

பிள்ளைகளே, மாதக்கணக்கில் வளர்த்த பாத்திரம் இந்த ஒரு தீர்ப்பில் செத்துப்போகலாம். அதனால்தான் கண்ணீரும் வருகிறது, சண்டையும் வருகிறது. எந்தப் பதிப்பு என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். சந்தேகம் வந்தால் "இந்த அரக்கனுக்கு எவ்வளவு பலம்?" என்று பார்க்காதீர்கள். "இந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது, உடம்பிலிருந்தா மந்திரத்திலிருந்தா?" என்று கேளுங்கள். விதியில் தெளிவில்லை என்றால் நடுவர் சொல்வதே முடிவு. ஆனால் நடுவரே, அதைப் பகடை உருளும் முன் சொல்லிவிடுங்கள். உருண்ட பிறகு சொன்னால், சரியான தீர்ப்பும் ஓரவஞ்சனையாகத்தான் தெரியும்.

பெற்றோர்களும் ஒருநாள் வந்து உட்கார்ந்து பாருங்கள்.