லயனின் கூரைக்கு யார் பொறுப்பு?

(நிவித்திகலவில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



வீட்டைப் பற்றி நமது மேடைகளில் பேசப்பட்டது கொஞ்சமன்று. ஏழு பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு, தனிவீட்டுக் கிராமம் என்ற சொற்கள் தேர்தல்தோறும் நம் செவிகளில் விழுந்துகொண்டே இருக்கின்றன. காணியுரிமையோடு கூடிய தனிவீடே நமது கோரிக்கை, அதில் மாற்றமில்லை. ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்தப் புதுவீடன்று. அது வந்து சேரும்வரை நாமும் நம் பிள்ளைகளும் படுத்துறங்க வேண்டிய பழைய லயனே இன்றைய பொருள்.

ஏன் இப்படிப் பிரித்துப் பேசுகிறோம்? கணக்கு அப்படியிருக்கிறது. 2016 அக்டோபரில் இந்திய அரசின் உதவியோடு தோட்டங்களில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் தொடங்கிற்று. அவை மத்திய, ஊவா மாகாணங்களுக்கு உரியவை. சபரகமுவவுக்கு அதில் ஒரு செங்கல்லும் இல்லை. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். அவற்றுள் முதல் 1,300 வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2024 பெப்ரவரியில். அறிவிப்புக்கும் அடிக்கல்லுக்கும் இடையில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள்! அறிவித்த அன்று பிறந்த குழந்தை, அடிக்கல் நாட்டிய அன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. அந்த ஏழு ஆண்டுகளும் அக்குழந்தை எந்தக் கூரையின் கீழ்ச் சுவாசித்தது என்று எவரும் கேட்கவில்லை.

நிவித்திகலவின் மழையை உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த மழையில் நனைந்து நிற்பது பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா. சுவரில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பூக்கிறது. அடுப்பு உள்ளேயே எரிகிறது, விறகோ ஈரவிறகு, புகை போக வழியில்லை. குடும்பம் பெருகியபோது இஸ்தோப்பை அடைத்து இன்னோர் அறையாக்கினோம்; அதனோடு இருந்த காற்றும் போயிற்று. இதற்காகத் தொழிலாளியைக் குறை கூறும் படித்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். மகனுக்குக் கலியாணம் முடித்துவைத்த தகப்பன் வேறென்ன செய்வான் என்று அவர்களும் சொல்வதில்லை. வீட்டினுள் எரியும் அடுப்பின் புகையால் 2020 என்ற ஒரே ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. எலிக்காய்ச்சலிலும் நமது மாவட்டம் நாட்டின் முன்வரிசையில் நிற்கிறது. அதற்கு மாணிக்கக் குழியையும் வயலையும் மட்டும் காரணங்காட்டிவிட முடியாது. லயனுக்குப் பின்னால் உடைந்து தேங்கி நிற்கும் கானையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனிக் கூரைக்கு வருவோம். வெள்ளைக்காரன் போட்ட தகரம் துருப்பிடித்துப் போன பல லயன்களில் பின்னாளில் அஸ்பெஸ்டஸ் தகடு ஏறிற்று. மலிவு, விரைவு, மழைக்குத் தாங்கும் என்றார்கள். மெய்தான். ஆனால் அஸ்பெஸ்டஸின் எல்லா வகைகளும், இங்கே கூரைக்குப் பயன்படும் வெள்ளை அஸ்பெஸ்டஸ் உட்பட, மனிதனுக்குப் புற்றுநோயைத் தருபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் தீர்மானமாகக் கூறியிருக்கிறது. அதன் நார்த்தூள் நுரையீரலில் தங்கினால் நோய் வெளிப்பட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: உடையாத தகட்டினால் பெருந்தீங்கு இல்லை. உடைந்தாலும், துளையிட்டாலும், அறுத்தாலும், பழுதுபட்டு உதிர்ந்தாலுமே தூள் பறக்கும். நமது லயன்களில் காற்றுக்கும் முறிந்து விழும் கிளைக்கும் உடையாத தகடு எத்தனை? உட்கூரையும் இல்லை. உதிர்வது நேரே பாயிலும் சோற்றுப் பானையிலும் விழுகிறது.

அரசாங்கத்துக்கு இது தெரியாததன்று. 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதென்று கொழும்பில் முடிவுசெய்திருந்தார்கள். அதற்கு இரண்டு வாரங்கள் இருக்கையில், 2017 டிசம்பரில், அனுப்பப்பட்ட ஒரு தொகுதித் தேயிலையில் கப்ரா வண்டு இருந்ததென்று சொல்லி, இலங்கைத் தேயிலையை வாங்குவதை ரஷ்யா நிறுத்திற்று. ரஷ்யாவோ உலகில் மிகுதியாக வெள்ளை அஸ்பெஸ்டஸ் வெட்டியெடுக்கும் நாடுகளில் ஒன்று. கொழும்பு தன் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. ஆண்டு முடிவதற்குள் தேயிலைக்கான தடையும் நீங்கிற்று. வண்டு எப்படி அவ்வளவு விரைவில் செத்ததோ நாமறியோம். இத்தனையும் நடந்தது யார் கொழுந்தை வைத்து? கொழுந்து பறித்தவளின் தலைக்கு மேல் இருந்த தகடு பேரம் பேசப்பட்டது. அவளை எவரும் கேட்கவில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். லயனைப் பற்றி முறையிடப் போனால் வழக்கமாகக் கிடைக்கும் மறுமொழி ஒன்றுண்டு. “அது கம்பனியின் சொத்து, அரசாங்கப் பணத்தைத் தனியார் சொத்தில் செலவிட முடியாது” என்பார்கள். கம்பனியிடம் போனால், “காணி அரசாங்கத்தினுடையது; நாம் குத்தகைக்காரர்” என்பார்கள். இரண்டு மறுமொழியையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசின் உடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போயிற்று, நிலம் போகவில்லை. 2045 வரை குத்தகை மட்டுமே. ஆகவே அத்தோட்டங்களின் லயன் நின்றுகொண்டிருப்பது அரசாங்கக் காணியில். அரசாங்கமே அதன் நிலவுடைமையாளர். இந்நாட்டின் மிகப் பழைய பொதுக் குடியிருப்பு நமது லயனே என்பது நமது வாதம். கொழும்பிலே மாடிவீடு கட்டிக் கொடுத்தால் அதைப் பராமரிக்கும் கடமை அரசுக்கு உண்டென்றால், நிவித்திகலவில் மட்டும் அக்கடமை எங்கே மறைந்தது?

லயனையும் அதன் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருக்கும் கடமையை 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துரையின் மேல் சுமத்திற்று. அது காலனி ஆட்சி. கூலியாள் படுத்துவிட்டால் கொழுந்து முற்றிவிடும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். ஆயினும் கடமை யாருடையது என்பதில் அன்று ஐயமிருக்கவில்லை. சுதந்திர இலங்கையிலோ, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்து 33ஆம் பிரிவு, சபையின் பணம் தோட்டத்துக்குள் வருவதற்கே தடையாக நின்றது. வாக்குக் கேட்க வந்த உறுப்பினர் கான் வெட்டித்தர முடியாதவராய் இருந்தார். 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. மலையகப் புதிய கிராமங்கள் அதிகாரசபைச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. ஆகவே இன்று “சட்டம் இடந்தரவில்லை” என்று எவரேனும் சொன்னால், அவர் பழைய சட்டப் புத்தகத்தைப் படிக்கிறார்.

பணமில்லை என்பதும் பொருந்தாது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தோட்ட வீடமைப்புக்கும் உட்கட்டமைப்புக்குமாக 4,000 மில்லியன் ரூபாவுக்கு மேல் ஒதுக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான திட்டத்தில், தொழிலாளியின் வரவுக்கென நாளொன்றுக்கு 200 ரூபா அரச நிதியிலிருந்து கொடுக்க முன்மொழிந்தார்கள். வரவேற்கிறோம். கம்பனியின் வேலைக்கு வரும் தொழிலாளிக்குத் திறைசேரியிலிருந்து கொடுக்கலாமென்றால், வேலை முடிந்து அவர் திரும்பும் காம்பிராவின் கூரைக்கு ஏன் கொடுக்கக்கூடாது?

பிறநாடுகள் இதை எப்படிச் செய்தன? அமெரிக்காவில் வீட்டு வண்ணப்பூச்சிலிருந்த ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது. 1978இல் அப்பூச்சைத் தடைசெய்தார்கள். ஆனால் பூசியது சுவரிலேயே இருந்ததே! ஆகவே 1992இல் தனிச்சட்டம் இயற்றி, பழைய வீடுகளைச் சோதித்துத் திருத்துவதற்கு நகரங்களுக்கும் மாநிலங்களுக்கும் மானியம் வழங்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்திலோ, 2020 டிசம்பரில், அவாப் இசாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை பொதுக் குடியிருப்பின் சுவர்ப் பூஞ்சணத்தால் மாண்டது. மரண விசாரணை அதிகாரி அதைக் காரணமாகவே பதிந்தார். அக்குழந்தையின் பெயரால் வந்த சட்டம் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அவசர ஆபத்தாயின் வீட்டுடைமையாளர் 24 மணி நேரத்துக்குள் செயற்பட வேண்டும். லயனை முதலில் கட்டியவர்களின் நாட்டில் இன்று பூஞ்சணம் சட்டப்படி ஆபத்து. அவர்கள் இங்கே விட்டுச்சென்ற சுவரிலோ அது சுண்ணாம்பு அடித்து மறைக்கும் பொருள்!

மண்சரிவைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. மீரியபெத்தவுக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை போயிற்று; 2014 அக்டோபர் 29இல் மலை இறங்கிற்று. 2016இல் கேகாலையில் களுபஹன, 2025 நவம்பரில் டித்வா புயல். நாடெங்கும் 600 பேருக்கு மேல் மாண்டனர். எச்சரிக்கைக் கடிதம் எழுதுவதற்கு மட்டும் பணமிருந்து, ஆட்களை இடமாற்றப் பணமில்லாதிருந்தால் அந்தக் கடிதத்தால் என்ன பயன்?

ஆதலால் நாம் கேட்பது இது. புதுவீட்டு நிதியோடு கலக்காமல், இருக்கும் லயன்களை உடல்நலத்துக்குத் தீங்கற்றதாக்குவதற்கென ஆண்டுதோறும் பாராளுமன்றம் தனித் தலைப்பில் பணம் ஒதுக்க வேண்டும். அப்பணம் முதலில் உடைந்த அஸ்பெஸ்டஸுக்கும், அடுப்புப் புகைபோக்கிக்கும், கானுக்கும் மலகூடத்துக்கும் போக வேண்டும். கம்பனித் தோட்டம், அரசுத் தோட்டம், தனியார் சிறுதோட்டம் என்ற பாகுபாடு கூடாது. சபரகமுவவில் தனியார் தோட்டத்து லயன்களே எவர் பட்டியலிலும் ஏறாதவை. அங்கு அரசு செலவிடும் பணத்தை உடைமையாளரிடமிருந்து மீட்டுக்கொள்ளச் சட்டம் செய்யட்டும். 2024இல் இம்மாவட்டத்திலிருந்து தெரிவான சுந்தரலிங்கம் பிரதீப், தோட்ட உட்கட்டமைப்புக்குரிய பிரதி அமைச்சரானார். இதைச் சபையில் எழுப்பும்படி அவரிடம் கேட்கும் உரிமை நமக்குண்டு.

கூரையை மாற்றும் வேலையில் ஓர் எச்சரிக்கை. பணம் வந்ததும் நம் இளைஞர்களைக் கூரையேற்றிச் சுத்தியலால் உடைத்துத் தள்ளச் சொல்வார்கள். ஒப்பக்கூடாது. அவுஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் பத்துச் சதுர மீற்றருக்கு மேற்பட்ட அஸ்பெஸ்டஸைக் கழற்ற உரிமம் பெற்றவர் வேண்டும். நமது ஒரு காம்பிராவின் தரையளவே பதினொரு சதுர மீற்றர்! தகட்டை நனைத்து, உடைக்காமல் கழற்றி, மூடிக்கட்டி அப்புறப்படுத்தப் பயிற்சி பெற்ற குழு வேண்டும். அதற்கான செலவும் ஒதுக்கீட்டில் சேர வேண்டும். சொந்த வீட்டுக்கு அதே தகடு போட்டிருக்கும் விவசாய நண்பர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: உடைந்த துண்டைக் கோழிக்கூட்டுக்கும் குளியல் மறைப்புக்கும் எடுக்காதீர்கள்.

இவ்வாரம் ஒவ்வொரு லயனிலும் எழுத்தறிந்த பிள்ளை ஒன்று ஒரு தாளில் எழுதட்டும்: காம்பிரா எத்தனை, கூரை எது, உடைந்த தகடு எத்தனை, புகைபோக்கி உண்டா, மலகூடம் எத்தனை பேருக்கு ஒன்று, மண்சரிவு எச்சரிக்கை வந்ததா. அதைப் பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புவோம். அதோடு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 2018க்குப் பின் இச்சபை தோட்டங்களில் செலவிட்ட பணம் எவ்வளவு, எந்த லயனில், எதற்காக என்று கேட்போம். 14 வேலைநாட்களுக்குள் அவர்கள் முடிவைச் சொல்லியாக வேண்டும். விண்ணப்பங்களை எழுதித்தர நாம் இங்கேயே மேசை போட்டிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் வாருங்கள். தபாற்கந்தோரில் தரும் பற்றுச்சீட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். அதிலுள்ள திகதியிலிருந்தே நாம் எண்ணத் தொடங்குவோம்.