ஒன்று போதாத வேளைகள்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



போன கூடுகையில் ஒரு மூப்பர் எழுந்து கேள்வி ஒன்று கேட்டார். "ஒரே தம்பதிக்கு மாத்திரையும் கொடுக்கிறீர்கள், ஆணுறையும் கொடுக்கிறீர்களாமே, ஒன்று போதாதா ஐயா?" சிலர் சிரித்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்றைக்கு நேரம் இல்லாததால், பிறகு சொல்கிறோம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டோம். அந்தக் கடனை இன்றைக்குத் தீர்க்க வேண்டும்.

உள்ளபடியே இது டாக்டரம்மா பேச வேண்டிய விஷயம். அவர்களோ, "நாங்கள் சொன்னால் மருந்துச்சீட்டைப்போல மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்களே சொல்லுங்கள் ஐயா" என்று எங்கள்மேல் தள்ளிவிட்டார்கள். மருத்துவக் கணக்குகளை அவர்களிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தில் அந்தச் சகோதரிக்கு இரத்தப்போக்கு அதிகமாகி, இரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். "இனி அவள்மேல் கத்தி படவேண்டாம், நான் பண்ணிக்கொள்கிறேன்" என்று புருஷன் தாமே முன்வந்தார். இது சாதாரண காரியமல்ல. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் தேசத்தில் 15 முதல் 49 வயதுவரை உள்ள மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் தாங்களே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். புருஷன் செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 சதவீதம்தான். 1975-77 அவசரநிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய்ச் செய்த பயம் பல இடங்களில் அப்படியே தங்கிவிட்டது. பயம் பாதி, வீண் பெருமை பாதி என்பது எங்கள் எண்ணம். பெண்ணுக்குச் செய்வதைவிட ஆணுக்குச் செய்வது எளிது, ஆபத்தும் குறைவு.

அந்தத் தம்பிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த வாரமே வேலைக்குப் போனார். இரண்டு மாதம் முடியுமுன்னே மனைவிக்கு நாள் தள்ளிப்போயிற்று.

ஊர் என்ன பேசியிருக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. "என் மகனுக்குத்தான் ஆபரேஷன் ஆகிவிட்டதே, இது எங்கிருந்து வந்தது?" என்று மாமியார் தெருவில் நின்று கேட்டார். சகோதரியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கைக்குழந்தையை மட்டும் கூட விட்டார்கள். மூத்த பிள்ளையை விடவில்லை. அவர் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவும் இல்லை. பத்து நாள் கழித்து அவருடைய தாயார் அவரை எங்களிடம் அழைத்து வந்து, "ஐயா, பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லுங்க, அவங்க நம்பட்டும்" என்றார்.

நாங்கள் சத்தியம் வாங்கவில்லை. ஆனாலும் மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சகோதரியின் முகத்தைப் பார்த்தபோது எங்களுக்குள்ளும் ஒரு கணம் சந்தேகம் எழும்பியது. செமினரியில் எபிரெயும் கிரேக்கும் கற்றோம், இதைக் கற்கவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

அவர்கள் சகோதரியிடம் ஒன்றும் கேட்கவில்லை. புருஷனை வரவழைத்து, "மூன்று மாதம் ஆணுறை போட்டீர்களா? விந்துப் பரிசோதனைக்குப் போனீர்களா?" என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. ஆபரேஷன் நடந்த இடத்தில் கொடுத்த காகிதத்தில் அச்சடித்திருந்ததாம். வாயால் ஒருவரும் அழுத்திச் சொல்லவில்லை. அது எந்த இடம் என்பது இங்கே வேண்டாம்.

டாக்டரம்மா அவருக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறோம். "தம்பி, மோட்டாரை நிறுத்தின பிறகும் குழாயில் இருக்கிற தண்ணீர் கொஞ்ச நேரம் வருகிறதா இல்லையா? அதுபோலத்தான். குழாயைக் கட்டியாயிற்று. ஆனால் கட்டுக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த உயிரணுக்கள் அங்கேயே இருக்கும். அவை முழுக்கப் போய்த்தீர மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை கட்டாயம். பிறகு சோதித்து, உயிரணு இல்லை என்று சீட்டு வாங்கினால்தான் ஆபரேஷன் முடிந்தது என்று அர்த்தம்."

ஸ்கேன் பார்த்து நாள் கணக்கிட்டார்கள். கர்ப்பம் தங்கியது ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம் போல. அவருடைய விந்துவையும் சோதித்தார்கள். லேப்காரர் அவரையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். குனிந்து பார்த்தவர், "நெளியுதுங்க" என்றார். அதற்குமேல் பேசாமல் வெளியே போய் வேப்பமரத்தடி பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நாங்களும் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். ஜெபிக்கலாமா என்று கேட்கவும் மனம் வரவில்லை. மறுநாள் தாயாரையும் கூட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போய் மனைவியை அழைத்து வந்தார். அந்தக் குழந்தை பிறந்து, இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

மூப்பர் அவர்களே, ஒன்று போதாதா என்று கேட்டீர்கள். அந்த மூன்று மாதத்துக்குப் போதவில்லை.

நல்ல முறைகளே நம்மிடம் உண்டு. ஆனால் எந்த முறைக்கும் அது இன்னும் வேலை செய்யத் தொடங்காத நாட்கள், அல்லது சோர்ந்துபோகும் நாட்கள் உண்டு. அந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் விழுகின்றன. மாத்திரையை மாதவிலக்கின் முதல் ஐந்து நாளுக்குள் தொடங்காமல் பிந்தித் தொடங்கினால் 7 நாள் ஆணுறையும் வேண்டும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மறந்தவர்களுக்கும் அப்படியே. "பால் கொடுக்கும்வரை தங்காது" என்று பாட்டிமார் சொல்வதும் பொய்யல்ல. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமலும், தாய்ப்பால் தவிர வேறொன்றும் கொடுக்காமலும், மாதவிலக்கு திரும்பாமலும் இருந்தால் அது மெய். மூன்றில் ஒன்று தவறினாலும் வேறொரு முறை சேர்ந்தாக வேண்டும். கஞ்சித் தண்ணீர் ஊட்டத் தொடங்கிய வீடுகளில் பாட்டி சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் பலர்.

அடுத்தது எங்கள் சொந்தத் தவறு. காசநோய் வார்டுக்கு நாங்கள் வாரந்தோறும் போகிறோம். ஒவ்வொரு கட்டிலிலும், "மருந்து தவறாமல் சாப்பிடுகிறீர்களா அம்மா?" என்று கேட்போம், ஜெபிப்போம், அடுத்த கட்டிலுக்குப் போவோம். வீட்டில் கருத்தடை மாத்திரையும் சாப்பிட்டுவந்த ஒரு தாய் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்றார். இரண்டு மாத்திரையையும் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. நான்காம் மாதம் கர்ப்பிணியாக வந்து நின்றார். காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் என்ற மருந்து, சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகுமே அதுதான், ஈரலைத் தூண்டி, கருத்தடை மாத்திரையின் சத்தைச் சீக்கிரமாக அழித்துவிடுகிறது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்ற சில மருந்துகளும் அப்படியே. ரிஃபாம்பிசினை நிறுத்தின பிறகும் நாலு வாரம் இந்தக் குறை நீடிக்கும். அவர்களுக்குக் காப்பர்-டி அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி நல்லது. மாத்திரையிலேயே இருக்கிறவர்கள் ஆணுறையையும் சேர்த்தாக வேண்டும். காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் கொடுக்கும் அமாக்ஸிசிலின் போன்றவற்றால் இந்தத் தொல்லை இல்லை. வீணாகப் பயப்பட வேண்டாம். இப்போது அந்த வார்டில் எங்கள் கேள்வி ஒன்று கூடியிருக்கிறது. முதலில் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது.

கணக்குப் பார்க்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. மறதியும் சோம்பலும் உள்ள நம்மைப்போன்ற மனுஷர் பயன்படுத்துகிறபடி அமெரிக்காவில் கணக்கெடுத்திருக்கிறார்கள். மாத்திரையை மட்டும் நம்பிய 100 பெண்களில் ஓராண்டில் 7 பேர் கர்ப்பமாகிறார்கள். ஆணுறையை மட்டும் நம்பியவர்களில் 13 பேர். இரண்டையும் சேர்த்தால், அந்த 13இலும் நூற்றுக்கு 7 பங்குதான், அதாவது ஒருவருக்கும் குறைவு. இது காகிதக் கணக்கு. மாத்திரையை மறக்கிறவர் ஆணுறையையும் மறப்பார் என்பதால் வீட்டுக்கணக்கு இவ்வளவு அழகாக வராது. ஆனாலும் ஒன்றைவிட இரண்டு நிச்சயமாக மேல்.

வேறொரு காரணமும் உண்டு. 1986இல் சென்னையில்தான் இந்தியாவில் முதன்முதல் எச்.ஐ.வி. கிருமியைக் கண்டுபிடித்தார்கள், டாக்டர் சுனிதி சாலமோனும் டாக்டர் நிர்மலாவும் அந்தப் பணியில் இருந்தவர்கள். மாத்திரையோ, ஊசியோ, காப்பர்-டியோ, ஆபரேஷனோ நோயைத் தடுக்காது. ஆணுறை தடுக்கும். புருஷனிடமிருந்து நோய் பெற்ற விதவைகளுக்கு அடக்க ஆராதனை நடத்தியிருக்கிறோம். அதனால் இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை.

சேர்க்கக் கூடாதவையும் உண்டு. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஆணுறை போட்டால் உராய்ந்து கிழிய வாய்ப்பு அதிகம். ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, ரப்பர் இற்றுப்போகும். கிழிந்துவிட்டால் கைபிசைந்து நிற்காமல் 72 மணி நேரத்துக்குள் அவசர மாத்திரை எடுக்கலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 5 நாளுக்குள் காப்பர்-டி போட்டாலும் கர்ப்பம் தங்காது.

சபை இதில் தலையிடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. 1920இல் கூடிய லாம்பெத் மாநாட்டில் ஆங்கிலிக்கன் பேராயர்கள் கருத்தடையை எதிர்த்தார்கள். 1930இல் நிபந்தனைகளோடு இடங்கொடுத்தார்கள். கத்தோலிக்க சபை 1968இல் தன் பழைய நிலையையே உறுதி செய்தது; அதன்படி நடக்கும் சகோதரரை நாங்கள் வற்புறுத்துவதில்லை. அவர்கள் கைக்கொள்ளும் இயற்கை முறையிலுங்கூட, உடல் வெப்பம், வெள்ளைப்படுதலின் தன்மை என்ற இரண்டு அடையாளங்களையும் சேர்த்துப் பார்ப்பதே ஒன்றை மட்டும் பார்ப்பதைவிட நம்பகம். அங்கேயும் இரண்டு.

ஆகவே ஆபரேஷன் முடிந்து போகிற ஒவ்வொரு தம்பியின் கையிலும் மூன்று மாதத்துக்கான ஆணுறையும், சோதனைக்கு வரவேண்டிய தேதி எழுதிய அட்டையும் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறோம். அட்டையை மனைவியின் கையிலும் ஒன்று கொடுக்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் யோசனை. தேதியை ஞாபகம் வைப்பது யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எழுந்து நின்று கேட்கக் கூச்சமுள்ளவர்கள் பேர் போடாமல் துண்டுக் காகிதத்தில் எழுதி வாசலில் இருக்கும் பெட்டியில் போடலாம். சகோதரிகளுக்காக டாக்டரம்மா பக்கத்து அறையில் தேநீர் வேளை முழுவதும் இருப்பார்கள்.